ஆளுக்கு ஓட்டா, கேள்விக்கு ஓட்டா?

சுவிட்சர்லாந்தில் ஒரு சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள், இதற்கு நேரடி ஜனநாயகம் என்று பேர், என்று போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து ஆறு கேள்வியாக எடுத்துக்கொண்டேன். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது, இந்த முறை இதற்கே இடம்.

கேள்வி (ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் வாசகர்): சட்டம் என்றால் வக்கீலுக்கே தலை சுற்றும். ஷிப்ட் முடிந்து வந்து தூங்கவே நேரம் பத்தாத என்னைப் போன்றவன் அதைப் படித்துப் பார்த்து ஓட்டுப் போட முடியுமா? கடைசியில் யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அந்தப் பக்கம்தானே சாய்வார்கள்?

பதில்: முதலில் அங்கே எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன் தம்பி. நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தால், அது பிடிக்காதவர்கள் 100 நாளுக்குள் 50,000 கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும், அந்தச் சட்டம் மக்கள் முன்னால் ஓட்டுக்கு வந்தே ஆக வேண்டும். இந்த வழி 1874-லிருந்து இருக்கிறது. அரசியலமைப்பையே மாற்றச் சொல்லி மக்களே ஒரு யோசனையைக் கொண்டுவரலாம், அதற்கு 18 மாதத்தில் 1,00,000 கையெழுத்து வேண்டும். வருஷத்துக்கு நாலு தடவை வரை ஓட்டு நாள் வரும். சில வாரம் முன்னாலேயே வீட்டுக்குத் தபாலில் ஒரு கவர் வந்துவிடும், அதில் ஓட்டுச் சீட்டோடு ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். கேள்வி என்ன, அரசு என்ன சொல்கிறது, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது, எல்லாம் அதிலேயே. பெரும்பாலானவர்கள் வீட்டில் உட்கார்ந்து குறித்துத் தபாலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2012 மார்ச்சில் அங்கே ஒரு ஓட்டு நடந்தது. சட்டப்படி நாலு வாரமாக இருக்கும் சம்பளத்தோடு கூடிய லீவை எல்லோருக்கும் ஆறு வாரமாக்கலாமா என்பதுதான் கேள்வி. நம் சிப்காட் கேட்டில் நின்று இதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே 66.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். செலவு கூடும், வேலை போகும், சின்னப் பட்டறைக்காரன் தாங்க மாட்டான் என்று முதலாளிகள் தரப்பு பிரசாரம் செய்தது உண்மை. அப்படியானால் முதலாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவர்களா என்றால் அதுவும் இல்லை. 2024 மார்ச் 3-ம் தேதி முதியோர் ஓய்வூதியத்தை வருஷத்துக்கு 12 மாதத்துக்குப் பதில் 13 மாதமாகக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்ற யோசனை ஓட்டுக்கு வந்தது, அரசும் நாடாளுமன்றமும் வேண்டாம் என்று சொல்லியும் 58.2 சதவீதம் பேர் வேண்டும் என்று போட்டார்கள். அதே நாளில் ஓய்வு வயதை 66-க்குக் கொண்டுபோகச் சொன்ன இன்னொரு யோசனையை முக்கால்வாசிப் பேர் தள்ளிவிட்டார்கள். ஒரே கவரில் வந்த இரண்டு கேள்விக்கு இரண்டு விதமான பதில் போடத் தெரிகிறது அந்த ஜனங்களுக்கு.

முழுச் சட்டத்தையும் படித்துவிட்டா இதைச் செய்கிறார்கள்? இல்லை. இதைப் பற்றி ஒரு ஆராய்ச்சியே இருக்கிறது. 1988-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாகன இன்சூரன்ஸ் பற்றி ஒரே நாளில் ஐந்து யோசனைகள் ஓட்டுக்கு வந்தன, ஒன்றுக்கொன்று முரண், படித்தால் ஒன்றுமே புரியாது. ஆர்தர் லூபியா என்ற அரசியல் ஆய்வாளர் லாஸ் ஏஞ்சலஸில் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்களைப் பிடித்து உங்களுக்கு என்னென்ன தெரியும், எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டார். 1994-ல் அதை வெளியிட்டார். யோசனைகளின் உள்விவரம் தெரியாதவர்கள்கூட, இன்சூரன்ஸ் கம்பெனிகள் எந்த யோசனையை ஆதரிக்கின்றன எதை எதிர்க்கின்றன என்ற ஒன்றை மட்டும் தெரிந்து வைத்திருந்தால், விவரம் முழுக்கத் தெரிந்தவர்கள் எப்படிப் போட்டார்களோ கிட்டத்தட்ட அப்படியே போட்டிருந்தார்கள். அது இரண்டுமே தெரியாதவர்கள்தான் தடுமாறியவர்கள்.

போச்சம்பள்ளி சந்தையில் மாடு வாங்குகிறவர் மாட்டு டாக்டருக்குப் படித்தவர் இல்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நாலு எட்டு நடக்க விட்டுப் பார்ப்பார், அப்புறம் அந்த மாட்டைத் தள்ளிவிட யார் அவசரப்படுகிறார்கள் என்று பார்ப்பார். அந்த மூன்றாவது பார்வைதான் இங்கேயும். இந்தச் சட்டம் வந்தால் யாருக்கு லாபம், அவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள்? ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அந்த அரை மணியை இதற்குச் செலவழித்தால் போதும்.

கேள்வி (கிருஷ்ணகிரி, மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர்): அங்கே ஓட்டுக்குப் பணம் கொடுக்க மாட்டார்களா?

பதில்: வீடு வீடாகக் கவர் கொடுப்பது இல்லை. ஆனால் பணம் வேறு வழியில் வந்து நிற்கும். அதே கலிபோர்னியாவில் 2020-ல் ஊபர், லிஃப்ட் மாதிரியான வாடகைக் கார் கம்பெனிகள் தங்கள் டிரைவர்களைக் கம்பெனித் தொழிலாளியாகக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஒரு யோசனையை ஓட்டுக்குக் கொண்டுவந்து, பிரசாரத்துக்கு மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி ஜெயித்தன. சட்டமன்றம் தங்களுக்கு எதிராகப் போட்ட சட்டத்திலிருந்து மக்கள் ஓட்டை வைத்தே தப்பித்துக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. சுவிட்சர்லாந்தில் டிவியிலும் ரேடியோவிலும் அரசியல் விளம்பரமே கூடாது. ஒரு பிரசாரத்துக்கு 50,000 பிராங்குக்கு மேல் செலவு செய்தால் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும் என்ற விதியும் சில வருஷம் முன்னால்தான் வந்தது. போஸ்டருக்குத் தடை இல்லை, அதைப் பற்றிக் கீழே பென்னாகரம் ஆசிரியருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் வாசகர்): நம் நாட்டில் கட்சிக்கு ஓட்டுப் போடத்தான் தெரியும். ஒரு விஷயத்துக்காக மட்டும் மக்கள் ஓட்டுப் போட்டது எங்கேயாவது நடந்திருக்கிறதா?

பதில்: நடந்திருக்கிறது ஐயா, அதுவும் அழகாக நடந்திருக்கிறது. 1967 ஜனவரி 16, கோவா. போர்ச்சுகீசியர் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கோவா மகாராஷ்டிராவோடு சேர வேண்டுமா, தனி யூனியன் பிரதேசமாகவே இருக்க வேண்டுமா என்று மக்களிடமே கேட்டார்கள். சேர்வதற்குப் பூ சின்னம், தனியாக இருப்பதற்கு இரண்டு இலை சின்னம். (நம் ஊர் இரட்டை இலைக் கட்சி பிறப்பதற்கு ஐந்து வருஷம் முந்திய கதை இது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சேர வேண்டும் என்று சொன்ன மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சிதான் அப்போது அங்கே ஆட்சியில் இருந்தது, பண்டோட்கர் முதல்வர். ஆட்சியில் இருந்துகொண்டே ஓட்டு நடத்தினால் நியாயமாக இருக்காது என்ற பேச்சு எழுந்து, அவருடைய அரசு விலகி, அதற்குப் பிறகுதான் ஓட்டு நடந்தது. தனியாக இருக்க வேண்டும் என்றவர்கள் ஊர் ஊராகப் போய்க் கொங்கணிப் பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டார்கள். இரண்டு இலை 34,021 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. இரண்டே மாதம் கழித்து, அதே 1967 மார்ச்சில் கோவாவில் சட்டமன்றத் தேர்தல். ஜெயித்தது யார் தெரியுமா? அதே பண்டோட்கர் கட்சிதான், அவரே திரும்பவும் முதல்வர். அதாவது அவருடைய கட்சிக்குப் போடுகிற ஆட்களில் ஒரு பகுதி, அந்த ஒரு கேள்வியில் மட்டும் "இதில் நீங்கள் சொல்வது எனக்குச் சரிப்படவில்லை" என்று மாற்றிப் போட்டுவிட்டு, ஆட்சி செய்ய ஆள் வேண்டும் என்று வந்தபோது மறுபடி அவரிடமே போயிருக்கிறார்கள். ஆளுக்குப் போடும் ஓட்டு வேறு, கேள்விக்குப் போடும் ஓட்டு வேறு என்பதை யாரும் பாடம் நடத்தாமலே அந்த ஜனங்கள் பிரித்துக் காட்டினார்கள். நம் ஊரில் ஒரு கட்சிக்காரர் என்றால் அந்தக் கட்சி சொல்வது பூராவையும் தூக்கிச் சுமக்க வேண்டும் என்றே பழகிவிட்டோம். மாங்கூழ் ஆலை கொடுக்கும் விலை நியாயமா என்ற கேள்வியில் நீங்களும் எதிர்க்கட்சிக்காரப் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் ஒரே பக்கம் நிற்கலாம், நிற்பதில் எந்தத் துரோகமும் இல்லை.

இன்னொன்று ஒடிசாவின் நியம்கிரி மலை. அங்கே பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை வெட்டுவதற்கு வேதாந்தா நிறுவனத்துக்காகத் திட்டம் போட்டிருந்தார்கள். டோங்ரியா கோந்த் என்ற பழங்குடிகளுக்கு அந்த மலை தெய்வம். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இதை அந்த மலைக் கிராமங்களின் கிராம சபையே முடிவு செய்யட்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 12 கிராமத்தில், ஒரு நீதிபதி வந்து பார்த்துக்கொண்டிருக்க, சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன, ஒன்றுகூட மாறவில்லை. மழையில் நனைந்துகொண்டு, தங்கள் மொழியில், ஒவ்வொருவராக எழுந்து நின்று சொன்னார்கள். அடுத்த ஜனவரியில் மத்திய அமைச்சகம் அனுமதியை மறுத்துவிட்டது. சித்தேரி மலையிலிருந்து எனக்கு எப்போதும் கடிதம் எழுதும் வாசகர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கேள்வி (பென்னாகரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): ஒரு விஷயம் சரியாகப் புரியவில்லை என்றால் வேண்டாம் என்று போட்டுவிடுவதுதானே பாதுகாப்பு?

பதில்: ஐயா, நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பிரசாரம் செய்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் 2023 அக்டோபரில் பழங்குடி மக்களுக்கு நாடாளுமன்றத்தின் காதில் விழுகிற மாதிரி ஒரு ஆலோசனைக் குழு அமைப்பது பற்றி ஓட்டு நடந்தபோது, எதிர்த்தரப்பு வைத்த கோஷமே "தெரியாவிட்டால் வேண்டாம் என்று போடு" என்பதுதான். கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்பவன் எல்லாச் சந்தேகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், வேண்டாம் என்பவன் ஒரே ஒரு சந்தேகத்தை எழுப்பிவிட்டால் போதும். சுவிட்சர்லாந்தில் மக்களே கொண்டுவரும் யோசனைகளில் பத்துக்கு ஒன்றுதான் தேறுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"வேண்டாம்" எப்போதும் பாதுகாப்பு இல்லை. அதே சுவிட்சர்லாந்தில் 1959-ல் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கலாமா என்று கேட்டபோது, அன்றைக்கு ஓட்டு இருந்த ஆண்கள் வேண்டாம் என்று போட்டார்கள். பெண்களுக்கு அந்த உரிமை கிடைக்க 1971 வரை, இன்னும் 12 வருஷம் ஆனது. நம் பாட்டிமார் 1952-லேயே வரிசையில் நின்று போட்டுவிட்டார்கள். யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது.

பயம் காட்டுவதையும் சொல்ல வேண்டும். 2009 நவம்பரில் மசூதிகளில் மினார் என்ற கோபுரம் கட்டத் தடை போட வேண்டும் என்ற யோசனை சுவிட்சர்லாந்தில் ஓட்டுக்கு வந்தது. நாடு முழுக்க அப்போது இருந்ததே நாலு மினார்தான். ஆனால் போஸ்டரில் தேசியக் கொடியைக் குத்திக் கிழித்துக்கொண்டு கறுப்பு மினார்கள் ஏவுகணை மாதிரி வரிசையாக நின்றன, முன்னால் முகத்திரை போட்ட ஒரு பெண். கருத்துக் கணிப்புகள் தோற்கும் என்றன. 57.5 சதவீதம் வாங்கி ஜெயித்தது. அந்தப் போஸ்டரைப் பார்த்த யாரும் எத்தனை மினார் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை. நீங்கள் நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், எண்ணிப் பாருங்கள் என்று ஊரில் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

கேள்வி (அரூர், கல்லூரி மாணவி): உத்திரமேரூர் குடவோலை முறை இதற்கு முன்னோடி என்று சொல்லலாமா?

பதில்: எனக்கும் அந்தக் கல்வெட்டு பெருமைதான், ஆனால் இரண்டும் வேறு. பராந்தக சோழன் காலத்துக் குடவோலை, தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை, அதாவது குலுக்கல். நிலம், படிப்பு, வயது என்று கடுமையான தகுதிகள் வேறு. ஒரு கேள்விக்கு ஊரே பதில் சொல்வது அதில் இல்லை. அதற்கு நெருக்கமானது இன்றைக்கும் உங்கள் ஊரிலேயே நடக்கிறது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி (பாலக்கோடு பக்கம், மகளிர் குழுவில் இருக்கும் வாசகி): கிராம சபைக்கு வா வா என்று நூறு நாள் வேலைக்காரங்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். உட்காருகிறோம், கை தூக்கச் சொன்னால் தூக்குகிறோம், நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம், டீ குடித்துவிட்டு வருகிறோம். எதற்குக் கை தூக்கினோம் என்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இதுவா நேரடி ஜனநாயகம்?

பதில்: அக்கா, இத்தனை கடிதத்தில் உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு தடவை படித்தேன். உங்களுக்கு நடப்பது எங்கள் ஊரிலும் நடந்தது, அதையே சொல்கிறேன்.

பள்ளிக்கூடத் திண்ணையில் கூட்டம். வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே நோட்டு கைமாறிக்கொண்டிருந்தது, கையெழுத்துப் பக்கம் மட்டும் திறந்திருக்க, முன்பக்கங்களை ஒரு கிளிப் போட்டுச் சேர்த்து வைத்திருந்தார்கள். தீர்மானங்களை ஒருவர் மூச்சு விடாமல் படித்துக்கொண்டே போனார். "குடிநீர்த் தேக்கத் தொட்டி உரிய இடத்தில் அமைத்திட இச்சபை ஒப்புதல் அளிக்கிறது" என்று வந்ததும் கைகள் தூக்கியாகிவிட்டது. பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, கையைத் தூக்காமல், "உரிய இடம்னா எந்த இடங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். பற்றாளராக வந்திருந்த அலுவலர், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். "பிறகு பார்க்கிறதுன்னா பிறகே கை தூக்கறோம்" என்றார் அந்த அம்மா. பக்கத்தில் இருந்த நாலு பெண்கள் தூக்கின கையைக் கீழே இறக்கினார்கள். அப்புறம் பத்து, அப்புறம் முக்கால்வாசி. கால் மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் "உரிய இடத்தில்" என்பதை அடித்துவிட்டு, மேட்டுத் தெருவில் பழைய கிணற்றுக்குப் பக்கத்தில் என்று எழுதினார்கள். தொட்டி இன்றைக்கு அங்கேதான் நிற்கிறது. ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லெல்லாம் பழுப்பேறிய ஊர் எங்களுடையது, ஒகேனக்கல் தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் ஏறும் என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

சுவிட்சர்லாந்தில் கிளாரஸ் என்ற மாகாணத்தில் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாகாணமே மைதானத்தில் கூடிக் கை தூக்கிச் சட்டம் போடுகிறது. அங்கே வந்திருக்கும் யாரும் எழுந்து, இந்த வார்த்தையை மாற்று என்று சொல்லலாம். 2006-ல் அப்படித்தான் ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்கலாம் என்று அரசு கொண்டுவந்த யோசனையை, மூன்று போதும் என்று ஒருவர் எழுந்து சொல்ல, கூட்டம் அவர் சொன்னதையே ஏற்றுக்கொண்டது. அந்த மைதானத்துக்கும் எங்கள் திண்ணைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கேள்வியை எழுதுகிறவர் கையில்தான் பாதி வெற்றி, அதை மாற்றி எழுத வைத்தால் அது உங்கள் கைக்கு வந்துவிடும்.

கை தூக்குவதில் ஒரு கஷ்டம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. யார் எந்தப் பக்கம் என்று ஊரே பார்க்கும். கடன் கொடுத்தவர் பார்ப்பார், வீட்டுக்காரர் பார்ப்பார், சாதிக்காரர் பார்ப்பார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக 81.20 சதவீதம் ஓட்டுப் போட்ட தொகுதி நம் தர்மபுரி, அங்கே மறைவு இருக்கிறது, தைரியமாகப் பட்டனை அமுக்குகிறோம். கிராம சபையில் அது இல்லை. அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். குழுக் கூட்டம் வாரா வாரம் நடக்கிறதே, கிராம சபைக்கு முந்தின வாரம் அதில் அரை மணி நேரம் ஒதுக்கி, என்ன பொருள் வருகிறது என்று ஊராட்சி செயலரிடம் கேட்டு வாங்கி, இதில் நாம் என்ன சொல்லப் போகிறோம் என்று பேசி வையுங்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருத்தியைக் குறிவைத்து யாரும் பேச முடியாது.

உங்கள் உரிமை என்ன என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள், யாரும் கூப்பிட்டுத்தான் வர வேண்டும் என்பது இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். மக்கள்தொகைக்குத் தகுந்த மாதிரி 50 பேரிலிருந்து 300 பேர் வரை வந்தால்தான் கோரம், உங்களைக் கூட்டிக்கொண்டு போக அவ்வளவு அக்கறை காட்டுவது அந்த எண்ணிக்கைக்காகத்தான், நீங்கள் இல்லாமல் அந்தக் கூட்டமே செல்லாது. 2025 ஜனவரியில் நம் மாவட்டத்தில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்த பிறகும் இந்த உரிமையில் எதுவும் குறையவில்லை. தீர்மானம் போட்டதுமே எல்லாம் நடந்துவிடும் என்று சொல்ல மாட்டேன், டாஸ்மாக் கடை வேண்டாம் என்று தீர்மானம் போட்டும் கடை அங்கேயே இருக்கிற ஊர்கள் உங்களுக்கே தெரியும். ஆனால் நோட்டில் ஏறாத விஷயத்தை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கும் போக முடியாது, கோர்ட்டுக்கும் போக முடியாது.

அடுத்த கூட்டத்தில் நோட்டு உங்கள் கைக்கு வந்ததும் கிளிப்பை எடுத்துவிட்டு முன்பக்கத்தைத் திருப்பச் சொல்லுங்கள். படித்துக் காட்டியது என்னவோ அதுதான் எழுதியிருக்கிறதா என்று குழுவில் நன்றாகப் படிக்கத் தெரிந்த பெண் பார்க்கட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள் அக்கா, அந்தக் கடிதத்தை இதே பக்கத்தில் போடுகிறேன்.